பாலியில் பிடிபட்ட தம்பி: எந்த வழியாகத் திரும்புவார்?

பெயரும் ஊரும் வெளிவரக் கூடாது என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய தம்பி சென்னையில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் பங்குதாரராக இருந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, அந்த நிறுவனத்தின் பெயரில் ஆஸ்திரேலியாவுக்குப் போகவிருந்த சரக்கில் மூன்று கிலோ மெத்தாம்பெட்டமைன் பிடிபட்டது. வழக்கைப் பதிவு செய்தது மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டு அமைப்பான என்.சி.பி. கைதான இருவரும் தம்பியின் பெயரைச் சொன்னார்கள். அதற்குள் அவர் இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போய்விட்டார். சிறப்பு நீதிமன்றம் ஜாமீனில் வெளிவர முடியாத பிடியாணை பிறப்பித்து, அவரைத் தலைமறைவுக் குற்றவாளி என அறிவித்தது. இன்டர்போல் வழியாக ரெட் நோட்டீஸும் வெளியானது.

தம்பி முதலீட்டாளர் விசாவில் சாங்கு பகுதியில் வில்லாக்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கடந்த மாதம் அங்கு வந்த காவல்துறையினர், தத்தம் நாடுகளில் போதைப்பொருள் வழக்குகளில் தேடப்பட்டுவந்த வேறு இரு வெளிநாட்டவரோடு சேர்த்து அவரையும் பிடித்தனர். இப்போது அவர் ஜிம்பாரனில் குடியேற்றத் துறையின் தடுப்பு இல்லத்தில் இருக்கிறார். "இந்தோனேசியாவில் போதைப்பொருள் என்றால் சுட்டுக்கொன்றுவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா? இந்தியாவுக்கு அனுப்பாமல் தடுக்க முடியுமா? நோட்டீஸை நீக்கித் தருவதாக ஒருவர் 18 லட்சம் கேட்கிறார், கொடுக்கலாமா? அம்மா பெயரில் உள்ள வீட்டை விற்றுவிடச் சொல்கிறார்கள், விற்கலாமா? எனக்கும் என்.சி.பி.யிலிருந்து சம்மன் வந்திருக்கிறது, போகாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஐந்து கேள்விகள் இருந்தாலும், அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே எண்ணம் இருப்பதாக எனக்குப் படுகிறது: தம்பியை எப்படியாவது அங்கேயே நிறுத்திவைத்துவிட்டால் அவர் தப்பித்துவிடுவார் என்ற எண்ணம். அதை முதலில் மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் திரும்பி வருவாரா என்பது இனி பெரிய கேள்வி இல்லை. எந்தச் சட்டத்தின் வழியாக வருகிறார் என்பதும், அவர் வருவதற்குள் நீங்களும் உங்கள் தாயாரும் புதிதாக எந்தச் சிக்கலையும் வரவழைத்துக்கொள்ளாமல் இருக்கிறீர்களா என்பதுமே பெரிய கேள்விகள்.

இந்தோனேசியாவில் தனி வழக்கு இருக்கிறதா?

உங்கள் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்தோனேசியாவின் 2009ஆம் ஆண்டின் 35ஆம் எண் போதைப்பொருள் சட்டம் உலகின் கடுமையான சட்டங்களில் ஒன்று. அதன் 114ஆம் பிரிவின்படி, மெத்தாம்பெட்டமைன் போன்ற பொருளை ஐந்து கிராமுக்கு மேல் விற்றாலோ கைமாற்றிவிட்டாலோ மரண தண்டனை வரை விதிக்கலாம். 2015 ஏப்ரல் 29 அன்று நுசகம்பங்கன் தீவில் எட்டுப் பேர் சுட்டுக்கொல்லப்பட்டதும், அவர்களில் ஒருவராக ஆஸ்திரேலியரான மயூரன் சுகுமாரன் இருந்ததும் தமிழர்கள் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். 2016 ஜூலையில் மேலும் நால்வருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதற்குப் பிறகு அங்கு யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை என்றாலும் நீதிமன்றங்கள் அதை விதிப்பதை நிறுத்தவில்லை. 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டம், மரண தண்டனைக்குப் பத்து ஆண்டு சோதனைக் காலம் வைத்து, அதற்குள் நன்னடத்தை தெரிந்தால் தண்டனையைக் குறைக்கவும் வழி செய்திருக்கிறது.

ஆனால் இந்தச் சட்டமெல்லாம் இந்தோனேசிய மண்ணில் நடந்த குற்றத்துக்கு உரியது. சென்னையில் பிடிபட்ட சரக்குக்காக அந்நாட்டு நீதிமன்றம் உங்கள் தம்பியைத் தண்டிக்கப்போவதில்லை. ஆகவே நீங்கள் இன்றே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: வில்லாவில் சோதனை நடந்தபோது ஏதாவது கைப்பற்றப்பட்டதா? கைப்பற்றப்பட்டிருந்தால் அது யாருடைய அறையில் இருந்தது? இத்தகைய கைதுகளின்போது சிறுநீர்ப் பரிசோதனை செய்வது அங்கு வழக்கம். அதன் முடிவு என்ன? பயன்படுத்தியதாக மட்டும் வழக்கு என்றால் 127ஆம் பிரிவின்படி அதிகபட்சம் நான்கு ஆண்டு. வைத்திருந்ததாகவோ விற்றதாகவோ என்றால் விஷயம் முற்றிலும் வேறு. அங்கு வழக்குப் பதிவானால், பொதுவாக அந்த வழக்கும் தண்டனையும் முடிந்த பிறகே இந்தியாவுக்கு அனுப்பும் பேச்சு எழும்.

அவரைக் காவல் நிலையத்தில் வைக்காமல் குடியேற்றத் துறைத் தடுப்பு இல்லத்தில் வைத்திருப்பதைப் பார்த்தால், உள்ளூர் வழக்கு இல்லை என்றே தோன்றுகிறது. ஆனாலும் ஊகத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். விசாரணையின்போது எழுதப்படும் வாக்குமூலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வாங்குவார்கள். அது இந்தோனேசிய மொழியில் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து வாசித்துச் சொல்லாத எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

கூடப் பிடிபட்ட ஒருவரின் வழக்கறிஞர் உங்கள் தம்பிக்கும் கட்டணமின்றி ஆஜராகத் தயாராக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டில் ஏதாவது கிடைத்திருந்தால், "அது என்னுடையது இல்லை, அவனுடையது" என்று சொல்வதுதான் அந்த மனிதரின் முதல் தற்காப்பாக இருக்கும். எதிரெதிர் நலன் கொண்ட இருவருக்கு ஒரே வழக்கறிஞர் இருந்தால், யார் பணம் கொடுக்கிறாரோ அவருக்காகத்தான் வழக்கு நடக்கும். இந்தியத் துணைத் தூதரகம் பாலியின் தலைநகரான தென்பசாரில் இருக்கிறது. உள்ளூர் வழக்கறிஞர்களின் பட்டியலை அங்கேயே கேட்டுப் பெறலாம். கைதானவர் தம் நாட்டுத் தூதரகத்தோடு தொடர்புகொள்வது 1963ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவு தரும் உரிமை. தூதரக அதிகாரி நேரில் போய்ப் பார்க்கலாம், நடத்தப்படும் விதம் பற்றிக் கேட்கலாம், குடும்பத்துக்குத் தகவல் சொல்லலாம். விடுவித்துக்கொண்டு வர அவருக்கு அதிகாரம் இல்லை. அதிலும், தேடுவது இந்திய அரசே என்னும்போது தூதரகத்திடம் அதை எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

திரும்பி வரும் இரண்டு வழிகள்

"இந்தோனேசியாவோடு ஒப்பந்தம் இல்லை, ஆகவே அனுப்ப முடியாது" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. இரு நாடுகளும் 2011 ஜனவரியில் குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கின்றன. அதைத் தவிர, இந்தோனேசியாவின் 1979ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டமே, ஒப்பந்தம் இல்லாத நாட்டுக்கும் நல்லுறவின் அடிப்படையில் ஒருவரை ஒப்படைக்க இடம் தருகிறது.

ஆனால் நடைமுறையில் பாலியிலிருந்து பலர் போவது அந்த வழியாக அல்ல. மும்பை நிழலுலகத் தலைவர் சோட்டா ராஜன் வழக்கைப் பாருங்கள். 2015 அக்டோபர் 25 அன்று ஆஸ்திரேலியாவிலிருந்து பாலி விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது பிடிபட்டார். நவம்பர் 6 அன்று டெல்லியில் இருந்தார். இடையில் இரண்டு வாரம்கூட இல்லை. அவர் ஒப்படைக்கப்படவில்லை, குடியேற்றச் சட்டத்தின் கீழ் வெளியேற்றப்பட்டார். (வேறு பெயரில் கடவுச்சீட்டு வைத்திருந்ததற்காகவே 2017இல் அவருக்கு இங்கு ஏழு ஆண்டு தண்டனை கிடைத்தது. உங்கள் தம்பியிடம் அப்படி ஏதும் இருந்தால் அதை அவருடைய வழக்கறிஞரிடம் மறைக்கக் கூடாது.)

வெளியேற்றம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்திருந்தால் நமது கடவுச்சீட்டுச் சட்டத்தின் 10(3) பிரிவின்படி கடவுச்சீட்டை முடக்கவோ ரத்து செய்யவோ முடியும். கடவுச்சீட்டு செல்லாது என்றானதும் முதலீட்டாளர் விசாவும் நிற்காது. தங்கும் அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வெளியேற்ற, 2011ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின் 75ஆம் பிரிவு அதிகாரிகளுக்கு நேரடி அதிகாரம் தருகிறது. விசா எத்தனை ஆண்டுக்கு வாங்கப்பட்டது, எவ்வளவு முதலீடு செய்தார் என்பதெல்லாம் அங்கு எடுபடாது. அகதியாக விண்ணப்பிக்கலாம் என்ற யோசனையும் கைகொடுக்காது. 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தோனேசியா சேரவில்லை.

ஒப்படைப்பு வேறு. அதில் நீதிமன்ற விசாரணை உண்டு, இறுதி முடிவு அந்நாட்டு அதிபருடையது, மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். மும்பைத் தொடர் குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்டு, போர்ச்சுகலில் 2002இல் பிடிபட்ட அபு சலேம் 2005இல்தான் இந்தியா வந்தார். ஆனால் அந்தக் காத்திருப்பில் அவருக்கு ஒரு பயன் கிடைத்தது. மரண தண்டனையோ 25 ஆண்டுக்கு மேல் சிறையோ கிடையாது என்று இந்திய அரசு போர்ச்சுகலுக்குக் கொடுத்த உறுதிமொழியை மதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அதைப்போலவே, நம் 1962ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, எந்தக் குற்றத்துக்காக ஒருவர் ஒப்படைக்கப்பட்டாரோ அந்தக் குற்றத்துக்கும் அந்த உண்மைகளிலிருந்து தெரியவரும் சிறிய குற்றங்களுக்கும் மட்டுமே விசாரிக்க அனுமதிக்கிறது. வேறு குற்றம் என்றால் ஒப்படைத்த நாட்டின் சம்மதம் வேண்டும். வெளியேற்றப்பட்டு வருபவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

அப்படியானால் வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடி ஒப்படைப்பைக் கேட்க வேண்டுமா? உங்கள் தம்பி மீது இந்தியாவில் இருப்பது இந்த ஒரு வழக்குதான் என்றால், போராட்டம் தேவையில்லை என்பதே என் கருத்து. அவர் இழக்கும் பாதுகாப்பு சொற்பம். அதற்கு ஈடாக நீண்ட தடுப்புக் காவலைத் தவிர்க்கலாம். அங்கு காத்திருந்து கழித்த மாதங்கள் இங்குள்ள தண்டனையில் கழிக்கப்படும் என்று யாரும் உங்களுக்கு உறுதி தர முடியாது. வேறு வழக்குகளும் இருக்கக்கூடும் என்றால் மட்டும் பாலி வழக்கறிஞரோடும் சென்னை வழக்கறிஞரோடும் ஒன்றாகப் பேசி முடிவெடுங்கள்.

போராட வேண்டிய இடம் சென்னை

மெத்தாம்பெட்டமைனுக்கு வணிக அளவு, அதாவது கடும் தண்டனைக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு, 50 கிராம். மூன்று கிலோ என்பது அதைப் போல அறுபது மடங்கு. குற்றம் நிரூபணமானால் நமது போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டப்படி குறைந்தபட்சம் பத்து ஆண்டு, அதிகபட்சம் இருபது ஆண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். மரண தண்டனை என்பது, ஏற்கெனவே இதே சட்டத்தில் தண்டனை பெற்றவர் பெரும் அளவோடு மீண்டும் சிக்கினால் மட்டுமே எழும் பேச்சு. உங்கள் தம்பிக்கு அது பொருந்தாது.

பிடிபட்ட இருவர் பெயரைச் சொன்னதுதான் தம்பிக்கு எதிரான முக்கிய ஆதாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்படியே இருக்குமானால், நம்பிக்கை கொள்ள இடமுண்டு. தோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு மாநிலம் வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டத்தின் 67ஆம் பிரிவின் கீழ் அதிகாரிகளிடம் கொடுக்கப்பட்ட வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொண்டு தண்டிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் நிறுவனத்தின் ஏற்றுமதி ஆவணங்கள், வங்கிக் கணக்கு, கைபேசி உரையாடல் என்று வேறு ஆதாரங்கள் இருந்தால் அந்தத் தீர்ப்பு மட்டும் காப்பாற்றாது. குற்றப்பத்திரிகையின் நகலை நீதிமன்றத்திலிருந்து பெற்று ஒரு நல்ல குற்றவியல் வழக்கறிஞரிடம் கொடுங்கள். நான்கு ஆண்டுகளாக அதை யாரும் படிக்கவில்லை என்பது உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்திய செய்தி.

ஜாமீன் எளிதாகக் கிடைக்காது. வணிக அளவு வழக்குகளில், குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, மீண்டும் குற்றம் செய்ய மாட்டார் என்ற இரண்டும் நீதிபதிக்குத் தோன்ற வேண்டும் என்கிறது 37ஆம் பிரிவு. அதோடு தலைமறைவாக இருந்தவர் என்ற பெயரும் சேர்ந்துவிட்டது. ஆனால் வராமலே இருந்தாலும் வழக்கு நிற்காது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, தலைமறைவானவர் இல்லாமலேயே விசாரணை நடத்தித் தீர்ப்புச் சொல்ல வழி செய்திருக்கிறது. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய ஆளில்லாமல் வரும் தீர்ப்பைவிட, எதிரே நின்று போராடும் வழக்கு மேலானது.

18 லட்சம் கேட்பவர்

அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ரெட் நோட்டீஸ் என்பது சர்வதேசப் பிடியாணை அல்ல. தேடப்படுபவரைக் கண்டறிந்து, ஒப்படைப்பு நடவடிக்கை வரும்வரை தடுத்துவைக்கும்படி உறுப்பு நாடுகளை ஒரு நாடு இன்டர்போல் மூலம் கேட்டுக்கொள்ளும் வேண்டுகோள் அது. அதை எந்த அளவுக்கு ஏற்பது என்பது அந்தந்த நாட்டின் முடிவு. அதை நீக்கக் கோரும் விண்ணப்பத்தை, பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் இன்டர்போல் கோப்புகள் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு சம்பந்தப்பட்டவரோ அவர் அதிகாரம் அளித்தவரோ நேரடியாக அனுப்பலாம். கட்டணம் கிடையாது. முடிவு வர மாதங்கள் ஆகும். அரசியல், மத, இன நோக்கத்தோடு வெளியிடப்பட்டது, அல்லது விதிகளை மீறியது என்று காட்ட வேண்டும். சாதாரண போதைப்பொருள் வழக்கில் அது அரிது.

எல்லாவற்றுக்கும் மேல், தம்பி ஏற்கெனவே பிடிபட்டுவிட்டார். நோட்டீஸ் தன் வேலையை முடித்துவிட்டது. நாளையே அது நீக்கப்பட்டாலும் சென்னை நீதிமன்றத்தின் பிடியாணை அப்படியே இருக்கும். தடுப்பு இல்லத்தின் கதவும் திறக்காது. "உள்ளே ஆள் இருக்கிறது" என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை நம்பிப் பணம் கொடுத்தால், லஞ்சம் கொடுக்க முயன்ற வழக்கும் உங்கள் மீது வரலாம்.

அம்மா பெயரிலுள்ள வீடு

வழக்கு வருவதற்கு ஓராண்டு முன்பே வாங்கியது, ஆகவே தொட முடியாது என்று நினைத்திருக்கிறீர்கள். சட்டம் அப்படி இல்லை. என்.டி.பி.எஸ். சட்டத்தின் 5ஏ அத்தியாயம், பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய வழக்கில் பிடியாணை உள்ளவரின் சொத்தை மட்டுமின்றி உறவினர்களின் சொத்தையும் எட்டுகிறது. தாயும் உடன்பிறந்தோரும் அதில் அடக்கம். கைதுக்கோ பிடியாணைக்கோ ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய சொத்துக்கு மட்டுமே விலக்கு.

இப்போது அவசரமாக விற்றால் இரண்டு கேடு. முடக்க உத்தரவோ நோட்டீஸோ வந்த பிறகு நடக்கும் விற்பனை பறிமுதல் நடவடிக்கைக்கு முன் செல்லாததாகக் கருதப்படும். வாங்கியவர் உங்கள் மீது வழக்குப் போடுவார். நோட்டீஸ் வருமுன் விற்றாலோ, மறைக்கப் பார்த்தீர்கள் என்பதற்கு அதுவே சான்றாகும்.

விற்பதை விட்டுவிட்டு, காகிதங்களைத் தேடுங்கள். வீட்டின் விலையான 62 லட்சத்தில் 35 லட்சம் உங்கள் தாயாருடையது என்கிறீர்கள்: தந்தையின் வருங்கால வைப்பு நிதி, பூர்வீக நிலத்தை விற்ற பணம். வைப்பு நிதி வரவான வங்கிக் கணக்கின் பக்கம், நிலத்தின் விற்பனைப் பத்திரம், அந்தப் பணம் வீட்டை விற்றவரின் கணக்குக்குப் போன காசோலை எண் ஆகிய மூன்றையும் தேதி வரிசையில் அடுக்கிவையுங்கள். பணம் நேர்வழியில் வந்தது என்று காட்டும் பொறுப்பை 68ஜே பிரிவு உங்கள் பக்கம் போடுகிறது. அதே வேளையில், உறவினர் பெயரில் இருக்கிறது என்பதற்காகவே பறிமுதல் செய்துவிட முடியாது. சட்டவிரோத வருமானத்தோடு அந்தச் சொத்துக்குத் தொடர்பு இருக்கிறது என்று நம்புவதற்கான காரணங்களை அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும் என்பதை அஸ்லம் முகமது மெர்ச்சன்ட் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. தம்பி அனுப்பிய 27 லட்சத்துக்குக் கணக்குக் காட்ட முடியாமல் போனாலும், ஒரு பகுதிக்கு மட்டும் ஆதாரம் இல்லாத சொத்தில் அந்தப் பகுதியின் சந்தை மதிப்பை அபராதமாகச் செலுத்தி வீட்டை மீட்க 68கே பிரிவு வாய்ப்பளிக்கிறது. நோட்டீஸ் வந்தால் பதிலளிக்க 30 நாள், பறிமுதல் உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்கு 45 நாள். இந்தத் தேதிகளைத் தவறவிட்டு வீட்டை இழந்த குடும்பங்கள் உண்டு. அமலாக்கத் துறை தனியாக வரவும் வாய்ப்பிருக்கிறது. அப்போதும் இதே காகிதங்கள்தான் பேசும்.

உங்களுக்கு வந்திருக்கும் சம்மன்

போகாமல் இருக்காதீர்கள். 67ஆம் பிரிவின் கீழ் தகவல் கேட்டு அழைத்திருக்கிறார்கள், நீங்கள் இன்னும் குற்றம் சாட்டப்பட்டவர் இல்லை. கடந்த ஆண்டு தம்பிக்கு இரண்டு முறை பணம் அனுப்பியதை நினைத்து அஞ்சுகிறீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்குப் பணம் கொடுப்பதையும் அதில் ஈடுபடுவோருக்குப் புகலிடம் தருவதையும் தண்டிக்கும் 27ஏ பிரிவு கடுமையானதுதான், பத்து முதல் இருபது ஆண்டு வரை. ஆனால் கடத்தல் தொழிலுக்கு முதல் போடுவதும், உடன்பிறந்தவர் வாடகைக்கும் மருத்துவத்துக்கும் கேட்டபோது கொடுப்பதும் ஒன்றல்ல. அந்தப் பிரிவைக் கண்டபடி நீட்ட முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2020இல் ஒரு ஜாமீன் உத்தரவில் விளக்கியிருக்கிறது. இருந்தாலும் ஓர் எச்சரிக்கை: தேடப்படும் ஒருவருக்கு அடைக்கலம் தருவதைத் தண்டிக்கும் பொதுச் சட்டம், கணவன் மனைவிக்குத்தான் விலக்கு அளிக்கிறது. அக்காவுக்கு அல்ல. ஆகவே இனி அவருக்கு எந்தப் பணம் அனுப்புவதென்றாலும் வழக்கறிஞர் கட்டணமாக, வழக்கறிஞரின் கணக்குக்கே, வங்கி மூலம் அனுப்புங்கள்.

வாட்ஸ்அப் உரையாடல்களை அழித்துவிடும்படி உங்கள் மாமா சொன்னதைச் செய்யாதீர்கள். பணம் எதற்காக அனுப்பினீர்கள் என்பதைக் காட்டும் ஒரே சான்று அந்த உரையாடல்தான். சாட்சியத்தை அழிப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிக் குற்றமும்கூட. விசாரணைக்கு வழக்கறிஞரோடு போங்கள். அவரை அறைக்குள் அனுமதிக்காவிட்டாலும் வாசலில் இருக்கட்டும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள். எழுதப்பட்டதை முழுவதும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

பாலிக்குப் போய்த் தம்பியைப் பார்க்க விரும்புவதாகக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். சம்மன் நிலுவையில் இருக்கும்போது வெளிநாடு போவது தவறாகப் புரிந்துகொள்ளப்படும். விசாரணை முடிந்து, மீண்டும் அழைக்கும் எண்ணம் இருக்கிறதா என்று வழக்கறிஞர் எழுத்தில் கேட்டு அறிந்த பிறகு புறப்படுங்கள். உறவை நிரூபிக்கும் பிறப்புச் சான்றிதழையோ குடும்ப அட்டையையோ மொழிபெயர்த்து எடுத்துச் செல்லுங்கள், சந்திப்பு நேரத்தைத் துணைத் தூதரகம் மூலம் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். பாலி வழக்கறிஞருக்கான அதிகாரப் பத்திரத்தில் தம்பியின் கையெழுத்தைப் பெறுவதற்காக அந்தச் சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். அதை அந்த வழக்கறிஞரே தடுப்பு இல்லத்துக்குப் போய் வாங்கிக்கொள்வார்.